மூடுபனியிலும் கலையாத கூந்தல்

ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவே ஓர் ஒற்றை அறை. வாசலில் ஒரு பேனர். பேனரில் ஒரு பெண். எந்த ஊர்க்காரி என்று யாருக்கும் தெரியாது. வெள்ளைவெளேர் என்று கழுத்தை ஒடித்துக்கொண்டு சிரிப்பாள். அவள் முடி இருக்கிறதே, உச்சியிலிருந்து இடுப்பு வரை ஒரே நேர்க்கோடு. ஜவ்வாது மலையில் அப்படி ஒரு முடியை எவரும் நேரில் பார்த்ததில்லை. போளூரில் பேனர் அடிக்கிறவன் கம்ப்யூட்டரில் எதையோ தட்டி எடுத்துப் போட்டுவிட்டான். "பார்லர்னா இப்படித்தான்க்கா போடணும்" என்றான். கடைக்காரி தேவயானியும் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

ஆட்டிய அந்தத் தலை எப்படி இருந்தது என்று யாருக்காவது தெரியுமா? தெரியாது. கொண்டையாக முறுக்கி, அதன்மேல் வலை மாட்டி, வலையின்மேல் கிளிப்பும் போட்டு இறுக்கி வைத்திருப்பாள். கடையில் அப்படித்தான், சந்தையில் அப்படித்தான், கோயிலிலும் அப்படித்தான். ஊராரின் தலையை அலங்கரிக்கக் கடை போட்டவள் தன் தலையை ஒளித்துவைத்தாள். சொன்னால் சிரிப்பு வரும்; அவளுக்கு வரவில்லை.

தேவயானிக்குப் பிறக்கும்போதே தலை நிறைய முடி. வளர வளர அது தடித்தது, நெளிந்தது, சொன்ன பேச்சுக் கேட்காமல் நாலா பக்கமும் பிரிந்தது. மலையில் இந்த மாதிரி முடி அதிசயம் இல்லை, வீட்டுக்கு ஒருத்தியாவது இருப்பாள். இவளுடையது கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். காய்ந்திருக்கும்போது சீப்பைப் போட்டால் போதும், பொசுபொசுவென்று பொங்கி முகத்தை மறைக்கும். விடுதியில் படித்த காலத்தில், தலை புதர் மாதிரி இருந்ததால் அவளுக்குப் 'பொதரு' என்று பேர். பத்தாம் வகுப்புக் குரூப் போட்டோவில் போட்டோக்காரர் அவளைக் கடைசி வரிசைக்குத் தள்ளினார். "நீ முன்னால நின்னா பின்னால நிக்கறவ மூஞ்சி தெரியாதும்மா" என்றார். மனிதர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

படிப்பு முடிந்ததும் போளூரில் கலைவாணி என்பவர் நடத்திய பார்லரில் வேலைக்குச் சேர்ந்தாள். ஏன் அந்த வேலை என்று கேட்டால், வேறென்ன, இந்தத் தலையை அடக்க ஒரு வழி கிடைக்காதா என்கிற நப்பாசைதான். கலைவாணி நல்ல மனசுக்காரி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். முதல் நாளே ஒரு வலையை எடுத்து நீட்டி, "மொதல்ல உன் தலய கட்டுடியம்மா. வர்ற கஸ்டமரு பயந்து ஓடிடப் போறாங்க" என்றார். அன்றைக்கு ஏறிய வலை பிறகு இறங்கவே இல்லை. புருவம் எடுக்க, முகம் கழுவ, முடி வெட்ட, அயர்ன் போட என்று எல்லாவற்றையும் கலைவாணிதான் கற்றுக்கொடுத்தார். பழுக்கக் காய்ந்த இரண்டு தகட்டுக்கு நடுவே முடியை வைத்து இழுத்தால், நெளி எல்லாம் மறைந்து வழுவழுவென்று இறங்கும். அதைப் பார்க்கப் பார்க்க தேவயானிக்கு ஆசை அடங்கவில்லை. தனக்கும் ஒருநாள் போட்டுப் பார்த்தாள். மலைக்கு பஸ் ஏறினாள். வீட்டு வாசலை மிதித்தபோது பழையபடி பொதரு.

அப்போதே புரிந்திருக்க வேண்டும். ஆனால் ஆசைக்கு ஏது கண்?

பிக்கப் வண்டி ஓட்டும் தீர்த்தகிரியைக் கல்யாணம் செய்துகொண்டு மலைக்கே திரும்பினாள். சாமை மூட்டையும் புளி மூட்டையும் ஏற்றிக்கொண்டு கீழே போய்வருகிற பிழைப்பு அவனுக்கு. பெண்டாட்டி கடை வைக்கப்போகிறேன் என்றதும் அவன்தான் அறையைப் பிடித்து, சுண்ணாம்பு அடித்து, கண்ணாடியும் சுழல் நாற்காலியும் போளூரிலிருந்து ஏற்றிவந்தான். கடை திறந்த கையோடு அங்கன்வாடி டீச்சர் ஒருவர் வந்தார். அவருக்கும் நெளிமுடி. மறுநாள் தங்கை வீட்டு விசேஷம், நேராக வேண்டும் என்றார். தேவயானி கை வலிக்க வலிக்க அயர்ன் போட்டாள். எழுந்து கண்ணாடி பார்த்த டீச்சருக்கு வாயெல்லாம் பல். அப்படியே வீட்டுக்காரர் பைக்கில் ஏறிப் போனார். ஐப்பசி மாதம், வழியெல்லாம் பனி. ஊர் போய் இறங்கியபோது டீச்சர் தலை இரண்டு மடங்காகியிருந்தது. டீச்சர் திட்டவில்லை. அவர் வீட்டுக்காரர் சிரித்தார், பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மலையில் பேச்சு இறங்குவதற்கு பஸ் வேண்டாம். "தேவயானி கடையில அயர்ன் பண்ணா வூடு போய் சேர்றதுக்குள்ள பூத்துடும்" என்று ஊர் முழுக்க ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு புருவம் எடுக்க வந்தார்கள், சின்னப் பெண்களுக்கு முடி வெட்ட வந்தார்கள். கல்யாணப் பெண்ணை மட்டும் யாரும் கொண்டுவரவில்லை. மணப்பெண் அலங்காரம் இல்லாமல் ஒரு பார்லர் எத்தனை நாள் ஓடும்? அவர்களெல்லாம் போளூருக்கும் திருப்பத்தூருக்கும் இறங்கிப் போனார்கள். அந்த வண்டிகள் கடை வாசல் வழியாகவே போகும். தேவயானி பார்த்துக்கொண்டு நிற்பாள்.

கலைவாணி போனில் பேசும்போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்வார். "ஓடலன்னா வந்துடு கண்ணு. உன் சேரு காலியாத்தான் கீது." அன்பாகச் சொல்வதுதான். ஆனால் போனை வைத்த பிறகு தேவயானிக்குச் சோறு இறங்காது. போளூருக்குப் போனால் தங்கித்தான் வேலை பார்க்க வேண்டும். புருஷன் மலைமேல், பெண்டாட்டி மலையடியில். இருவரும் பேசிப் பேசிக் கடைசியில், தை பிறக்கும் வரை பார்ப்பது, அதற்குள் ஒரு நல்ல கல்யாணமாவது வந்து பேர் எடுக்காவிட்டால் கடையைக் காலி செய்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள். தீர்த்தகிரி அன்று வண்டியை வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக் கழுவினான்.

இதற்கு நடுவே அவள் சும்மா இருந்தாளா? அதுதான் இல்லை. கடையைச் சாத்தியபிறகு தன் தலையை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினாள். அயர்ன் போட்டால் பனி கலைக்கிறது, சரி. ஷாம்பு போட்டு அலசி உதறினால் விறைத்துக்கொள்கிறது. துண்டால் துவட்டினால் பொங்குகிறது. ஒருநாள் தண்ணீர் நின்றுபோய், தலையில் தேய்த்த செம்பருத்தி இலைச் சாற்றை முழுதும் அலசாமல், பழைய பருத்திப் புடவையை மேலே சுற்றிக்கொண்டு அடுப்பு வேலையைப் பார்த்தாள். காய்ந்தபிறகு அவிழ்த்தாள். கண்ணாடியில் பார்த்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. நெளி நெளியாகவே இருந்தது. ஆனால் ஒவ்வொரு நெளியும் பக்கத்து நெளியோடு சேர்ந்து, ஒன்றாக, பளபளவென்று தோளில் விழுந்து கிடந்தது. வெளியே பனியில் போய் நின்றாள். அசையவில்லை. அன்றிலிருந்து அதையே கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தினாள். ஈரத்தில் மட்டும் சீப்பு, அதுவும் அகலப் பல் சீப்பு, நுனியிலிருந்து மேலாக. முடி எந்தப் பக்கம் வளைய நினைக்கிறதோ அந்தப் பக்கமே முறுக்கிவிடுவது. காயும்வரை கையை வைக்காமல் இருப்பது.

"நல்லாகீதே, இப்படியே வுடேன்" என்றான் தீர்த்தகிரி.

"பேனர்ல இருக்கறவள பாத்துட்டு வர்றவங்களுக்கு இத காட்டினா ஓடிடுவாங்க" என்று சொல்லி, மறுநாள் காலையில் மறுபடி வலையை மாட்டிக்கொண்டாள். பைத்தியக்காரி என்று அவளைச் சொல்லலாம். ஆனால் சிறுவயதிலிருந்து 'பொதரு' என்று கேட்டு வளர்ந்தவளுக்குத் தன் தலை நன்றாக இருக்கிறது என்று நம்புவது அத்தனை சுலபம் இல்லை.

கார்த்திகையில் வந்தாள் ரம்யா. நெல்லிமரத்தூர்ப் பெண். மாப்பிள்ளை வீட்டார் மலையிலிருந்து இறங்கிப் படவேட்டில் வீடு கட்டிக் குடியேறியவர்கள். கல்யாணம் பெண் ஊர்க் கோயிலில், விடிந்து கொஞ்ச நேரத்தில் முகூர்த்தம். ரம்யாவுக்கும் தேவயானியைப் போலவே முடி. நிச்சயதார்த்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் அக்கா சுவேதா, "கல்யாணத்தன்னைக்கு தலய கொஞ்சம் அடக்கி வைம்மா. போட்டோவுல முடிதான் தெரியுது, மூஞ்சி தெரியல" என்று சொல்லிவிட்டாளாம். அந்த ஒரு சொல் பெண்ணைப் பிடித்துக்கொண்டது. போளூருக்குப் போய் ஒருமுறை அயர்ன் போட்டுப் பார்த்தாள். பஸ்ஸில் திரும்பி வருவதற்குள் எல்லாம் போச்சு.

"நீங்க வூட்டுக்கே வந்து விடிகாலையில பண்ணுங்கக்கா. தாலி கட்டி போட்டோ எடுக்கற வரைக்கும் நின்னா போதும். ஒரு முடி பிரியக்கூடாது" என்றாள். கண் கலங்கியிருந்தது.

தேவயானிக்குப் பாதி சந்தோஷம், பாதி கலக்கம். இது நின்றால் கடை நிற்கும். இது கலைந்தால் போளூர் சேர்தான். "ஆவட்டும், வர்றேன்" என்று ஒப்புக்கொண்டுவிட்டாள்.

போளூரில் செய்வதைப் போலவே கணக்குப் போட்டாள். முதல்நாள் மத்தியானம் தலைக்குக் குளிக்கவைத்து, கண்டிஷனர் போட்டு, சுத்தமாகக் காயவைத்துவிடுவது. விடிகாலையில் அயர்ன். மண்டபமாக இல்லாமல் திறந்த கோயில் என்பதால் கடைசி நிமிடம் வரை தலையில் துணி சுற்றிவைப்பது. எல்லாம் சரி. ஒன்றே ஒன்றை மறந்தாள். அதை மலையில் பிறந்த எவளும் மறக்கமாட்டாள். இத்தனைக்கும் தேவயானியின் கல்யாணத்திலேயே நடந்த விஷயம். போளூர்க் கணக்கையே போட்டுக்கொண்டிருந்ததில் அது எப்படியோ நழுவிப்போயிருந்தது.

நெல்லிமரத்தூர் வீட்டில் ரம்யாவைக் குளிக்கவைத்து, முடியைக் காயவைத்து, முடிந்துவிட்டு, தேவயானி பின்கட்டில் இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். கை கழுவிவிட்டு உள்ளே வந்தால், மணைக்கட்டையில் ரம்யா உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிப் பெண்கள். ரம்யாவுடைய அப்பாவின் அக்கா மாதம்மாள், கையில் கிண்ணத்தோடு நிற்கிறாள். கிண்ணத்தில் வீட்டிலேயே காய்ச்சிய விளக்கெண்ணெய். அத்தை எண்ணெய் வைக்காமல் பெண் தாலிக்குக் கழுத்தை நீட்டக்கூடாது, மலை வழக்கம் அது. அருகம்புல்லால் தொட்டு மூன்று சொட்டு வைத்தால் முடிந்தது. ஆனால் மாதம்மாள் மூன்று சொட்டோடு நிற்கிற ஆளா? பெற்ற பெண் இல்லாதவள். தம்பி மகள் மேல் உயிர்.

"இன்னாடி இது, கல்யாணப் பொண்ணு தல இப்படி காஞ்சி கெடக்குது? ஊர்ல எண்ணயே இல்லாத மாதிரி" என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கை நிறைய ஊற்றி உச்சியில் வைத்துத் தேய்த்தாள். மறுபடி ஊற்றினாள். நுனிவரை உருவிவிட்டாள். பெண்கள் பாடினார்கள். தேவயானி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தடுக்க முடியுமா? அத்தையின் உரிமை. தடுத்தால் கல்யாணமே கசந்துபோகும்.

பெண்கள் கலைந்ததும் ரம்யா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள். முகம் வெளுத்திருந்தது. "இப்ப இன்னாக்கா பண்றது?"

பண்ணுவதற்கு என்ன இருக்கிறது? விளக்கெண்ணெய் பிடித்த முடியில் அயர்ன் வைத்தால் புகைதான் வரும், முடி கருகும். ஷாம்பு போட்டு எண்ணெயை எடுப்பதென்றால் இரண்டு மூன்று தடவை போட வேண்டும். அதன்பிறகு அந்த முடி விறைத்து நிற்பதைக் கண்கொண்டு பார்க்க முடியாது. அதற்கு மேல் விடிகாலைப் பனி வேறு. தேவயானி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். போளூர்ப் பார்லரின் ஜன்னல் ஓரச் சேர் கண்முன் வந்து நின்றது. தான் கொண்டுவந்த பையைப் பார்த்தாள். அயர்ன், கண்டிஷனர், ஸ்ப்ரே எல்லாம் வரிசையாக இருந்தன, ஒன்றும் உதவாது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு அது தோன்றியது. தோன்றியது என்பதைவிட, வேறு வழியில்லாமல் அங்கே போய் நின்றாள் என்பதே சரி.

"ரம்யா, நேரா வராது. இந்த மலையில, இந்த மாசத்துல, யார் வந்து பண்ணாலும் வராது. நான் உன்கிட்ட பொய் சொல்லி ஒத்துக்கிட்டேன்" என்றாள். "ஆனா அடங்கும். நெளியாவே இருக்கும், ஒண்ணு பிரியாது. நம்புவியா?"

"எப்படிக்கா நம்பறது?"

தேவயானி எழுந்து கதவைச் சாத்தினாள். கிளிப்பை எடுத்தாள், வலையைக் கழற்றினாள், கொண்டையை அவிழ்த்தாள். வலை ஏறிய நாளிலிருந்து கட்டிய புருஷனைத் தவிர வேறு யாரிடமும் காட்டாத முடி முதுகில் இறங்கி இடுப்பைத் தொட்டது. ரம்யா சுற்றிவந்து பார்த்தாள். ஒரு கற்றையைக் கையில் எடுத்து, பிரித்து, விட்டாள். அது போய்த் தன் இடத்தில் சேர்ந்துகொண்டது.

"இத எதுக்குக்கா கட்டி வெச்சினு கீறீங்க?" என்று கேட்டாள். தேவயானி முடியை அள்ளி முடிந்து மறுபடி வலையை மாட்டிக்கொண்டாள்.

பிறகு வேலை நடந்தது. மாதம்மாளையே கூப்பிட்டு, "அத்த, உங்க வூட்ல அரப்பு இருக்குதா?" என்று கேட்டாள். உசில் இலையைக் காயவைத்து இடித்த பொடிதான் அரப்பு. ஷாம்பு வந்தபிறகு பெண்கள் அதைத் தொடுவதில்லை, மாதம்மாள் விட்டுவிடவில்லை. "இருக்காம எங்க போவும்?" என்று ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்தாள். அரப்பு எண்ணெயை முழுக்க எடுக்காது, அதுதான் தேவயானிக்கு வேண்டியதும். பொழுது சாய்வதற்குள் தேய்த்து அலசினார்கள். மேலே பிசுபிசுப்பு போய்விட்டது. உள்ளே ஊறியது ஊறியபடி நின்றது. ஈரமுடியை ஏந்திப் பார்த்த தேவயானிக்குக் கையிலேயே தெரிந்துவிட்டது. தன் தலையில்கூட இந்தக் கனம், இந்தப் பணிவு வந்ததில்லை. இதுநாள் வரை தான் எதை விட்டுவிட்டோம் என்று அப்போதுதான் புரிந்தது. அத்தையின் எண்ணெய்! கெடுக்க வந்தது என்று நினைத்ததே காப்பாற்ற வந்திருக்கிறது.

வேலியில் செம்பருத்திக்குப் பஞ்சமா? இலையைக் கசக்கி, துணியில் வடிகட்டி, அந்த வழுவழுப்பான சாற்றை ஒவ்வொரு கற்றையாகத் தடவினாள். அகலச் சீப்பால் நுனியிலிருந்து மேலாக ஒருமுறை வாரினாள். முடி எந்தப் பக்கம் வளைய விரும்பியதோ அந்தப் பக்கமே முறுக்கித் தலையைச் சுற்றி வளைத்தாள். மாதம்மாளின் நைந்துபோன பருத்திப் புடவை ஒன்றை வாங்கி மேலே சுற்றிக் கட்டினாள்.

"காலையில நான் வந்து அவுக்கற வரைக்கும் இது மேல யார் கைய வெச்சாலும் கைய ஒடிச்சிடுவேன்" என்று பொதுவாக எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். மாதம்மாளையும் சேர்த்துத்தான். மாதம்மாள் சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

விடியும்போது ஊரே தெரியவில்லை. கோயில் கோபுரம் தெரியவில்லை, வாசலில் கட்டிய வாழைமரம் தெரியவில்லை, அப்படி ஒரு பனி. தேவயானி புடவைச் சுற்றை அவிழ்த்தாள். ஒவ்வொரு முறுக்காகப் பிரித்தாள். சீப்பைத் தொடவே இல்லை. முடி கீழே இறங்கியது. நெளி நெளியாக, கற்றை கற்றையாக, மினுமினுப்பாக. முன்னந்தலையில் ஒரு சுருள்கூடத் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. முகத்தை விட்டுவிட்டுப் பின்னால் தளர்வாகப் பின்னி, கனகாம்பரமும் மல்லியும் வைத்தாள். ரம்யா கண்ணாடியைப் பார்த்தாள், தேவயானியைப் பார்த்தாள், மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். அழ ஆரம்பித்தாள்.

"மை கரையும், அழுவாத" என்று தேவயானி முந்தானையால் அவள் கண்ணோரத்தை ஒற்றினாள்.

பெண்ணைக் கோயிலுக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். மேளம் முன்னே, குடை மேலே. அந்த நடை முழுக்க தேவயானி பெண்ணுக்குப் பின்னாலேயே போனாள். மாலையைப் பார்க்கவில்லை, குடையைப் பார்க்கவில்லை. பனித்துளி ரம்யாவின் நெற்றியில் முத்து முத்தாக நின்றது. முடிமேலும் நின்றது, நின்று உருண்டு கீழே விழுந்தது. உள்ளே போகவில்லை. கோயில் படி ஏறும்வரை ஒரு இழை பிரியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று தேவயானிக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும்போல் இருந்தது. மேளச் சத்தத்தில் கத்தினாலும் யாருக்கும் கேட்டிருக்காது.

மாப்பிள்ளை வீட்டு வேன் சற்றுப் பிந்தித்தான் வந்தது. வளைவுகளில் யாருக்கோ குமட்டல் வர, ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். சுவேதா இறங்கினாள். முதல்நாள் கீழே காசைக் கொட்டி நேராக இழுத்துவிட்ட முடி. இப்போது பார்த்தால் அடைகாக்கும் கோழி சிலிர்த்துக்கொண்டதுபோல நிற்கிறது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். போட்டோக்காரர் அதை எடுக்கச் சொன்னார். எடுத்தாள். போட்டோக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார்.

கோயிலை ஒட்டிப் பெண்ணின் அலங்காரத்துக்காக விட்டிருந்த சின்ன அறைக்குள் சுவேதா வந்தாள். தேவயானி பையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரம்யாவுக்கு நீங்கதானா பண்ணீங்க?"

"ஆமாங்க."

"இன்னா போட்டீங்க?"

தேவயானிக்கு நாக்கு நுனியில் ஒரு பதில் இருந்தது. முடிதான் தெரியுது, மூஞ்சி தெரியல என்று நீங்க சொன்ன அந்த முடியைத்தான் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். யார் தடுத்தார்கள்? ஆனால் சுவேதா அங்கே நின்ற நிற்பு அவளுக்குத் தெரிந்த நிற்பு. தோளைக் குறுக்கிக்கொண்டு, தலையை எங்கே வைப்பது என்று தெரியாமல். கடைசி வரிசையில் தானும் அப்படித்தான் நின்றிருக்கிறாள்.

"உக்காருங்க" என்றாள்.

சுவேதா நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஏழாவதுலேந்து நேராத்தான் வெச்சினு கீறேன். என் முடி நெஜத்துல எப்படி இருக்கும்னே எனக்கு மறந்து போச்சி" என்று தணிந்த குரலில் சொன்னாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துவந்திருந்த மீதிச் செம்பருத்திச் சாறும், மாதம்மாள் கிண்ணத்தில் ஒட்டியிருந்த விளக்கெண்ணெயும் போதுமாக இருந்தன. முடியை நனைத்து, விரலாலேயே பிரித்து, வளைந்த வழியே முறுக்கினாள். தாலி கட்டும் நேரம் நெருங்கிவிட்டது. காயும்வரை காத்திருக்க நேரம் இல்லை, இப்படியே கட்டி வைத்து, குடும்பப் போட்டோவுக்கு முன்னால் அவிழ்க்க வேண்டும். கட்ட என்ன இருக்கிறது? பையைத் துழாவினாள். வலை எல்லாம் கடையில். வெளியே கெட்டிமேளம் கேட்டது. தேவயானி யோசிக்கவே இல்லை. தன் தலையிலிருந்த கிளிப்பைப் பிடுங்கி, வலையை உருவி, சுவேதாவின் தலையில் மாட்டினாள்.

அட்சதை போட வேண்டுமே என்று இருவரும் ஓடினார்கள். கோயில் முன்னால் கூடியிருந்த கூட்டத்துக்குள் போய் நின்றபிறகுதான் தேவயானிக்குத் தன் தலை ஞாபகம் வந்தது. கையைப் பின்னால் கொண்டுபோனாள். முடி அவிழ்ந்து முதுகு முழுக்கக் கிடந்தது. மறைக்க ஒன்றும் இல்லை. அங்கன்வாடி டீச்சர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். பக்கத்திலிருந்த வீட்டுக்காரரை முழங்கையால் இடித்தார். அவர் இந்தமுறை சிரிக்கவில்லை. அவளைக் கூட்டிப்போக வண்டியோடு வந்திருந்த தீர்த்தகிரி சாப்பாட்டுப் பந்தலில் தண்ணீர்க் குடத்தோடு அப்படியே நின்றுவிட்டான். மாதம்மாள்தான் நேரே வந்து தேவயானியின் முடியை உள்ளங்கையில் அள்ளி எடை பார்த்தாள்.

"இம்மாம் முடிய வெச்சினு எதுக்குடி இத்தினி நாளு பொட்டலம் கட்டினு திரிஞ்ச?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டாள்.

குடும்பப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். தேவயானி வலையைக் கழற்றி, சுவேதாவின் முறுக்குகளை ஒவ்வொன்றாக விட்டாள். முழுசாகக் காயவில்லைதான். ஆனாலும் நெற்றியைச் சுற்றி அலையலையாக அமர்ந்து, தோளுக்கு வந்து நின்றது. சுவேதா செல்போனைத் திருப்பித் தன் முகத்தைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு போய் ரம்யாவுக்குப் பக்கத்தில் நின்று, அவள் காதில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று தெரியாது; ரம்யா சிரித்தாள், அந்தச் சிரிப்புத்தான் போட்டோவில் விழுந்தது. போட்டோக்காரர் அடுத்துத் திரும்பி, பனிக்கு நடுவே முதுகு காட்டி நின்ற தேவயானியையும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

பந்தி முடிவதற்குள் இரண்டு கல்யாணத்துக்கும் ஒரு வளைகாப்புக்கும் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். வலையை அவள் திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை. சுவேதா கேட்டாள் என்று அவளிடமே கொடுத்துவிட்டாள், காயும்வரை கட்டிக்கொள்ள. வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே வண்டியில் உட்கார்ந்தபடி கலைவாணிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அந்த சேர வேற யாருக்காவது குடுத்துடுங்க."

கலைவாணி, "நல்லாரு" என்றார். "அப்படி இன்னாடி பண்ண, சொல்லு" என்றும் கேட்டார். மலை இறங்கி ஏறும் நேரம் அளவுக்கு இருவரும் பேசினார்கள். தீர்த்தகிரி வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினான்.

தை பிறந்ததும் தேவயானி போளூருக்குப் போனாள். தங்குவதற்கு அல்ல, பேனர் அடிக்க. கடையில் இருந்தவன் அதே பையன்தான். கல்யாணத்தில் போட்டோக்காரர் எடுத்த அந்தப் போட்டோவைச் செல்போனிலிருந்து அனுப்பினாள். அவன் கம்ப்யூட்டரில் திறந்து பெரிதாக்கினான். வெள்ளைப் பனி, அதன் நடுவே ஒரு பெண்ணின் முதுகு, முதுகு நிறைய நெளி நெளியாக இறங்கும் கறுத்த முடி. முன்னால் குனிந்து பார்த்தான்.

"சூப்பரா கீதுக்கா. இப்படி ஒண்ண நான் நெட்ல பாத்ததே இல்ல. எந்த சைட்ல எடுத்தீங்க?"

தேவயானி திரும்பி நின்று முதுகைக் காட்டினாள்.